எந்த விறகுக்கு எந்த அடுப்பு?

கொல்லைப்புறத்தில் விறகடுப்பு போட நினைப்பவர்கள் பெரும்பாலும் அடுப்பிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். மண்ணில் போடலாமா, ராக்கெட் அடுப்பு வாங்கலாமா, புகைபோக்கி வேண்டுமா என்று. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விறகை. தோப்பில் விழும் தென்னை மட்டையை எரிப்பவருக்கும், விறகுக்கடையில் சவுக்கை எடை போட்டு வாங்குகிறவருக்கும் ஒரே அடுப்பு ஒத்துவராது. நல்ல அடுப்பை வாங்கிவிட்டு, அதன் வாய்க்குள் நுழையாத விறகோடு போராடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சில மாதத்தில் அந்த அடுப்பு மூலைக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒப்பிடுவது நான்கை: மூன்று கல் அடுப்பு, மண்ணால் போட்ட கொடியடுப்பு, ராக்கெட் அடுப்பு, மின்விசிறி வைத்த அடுப்பு. புகைபோக்கி தனிக் கேள்வி. அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் விறகு

விறகு கட்டையாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. பிறகு 200 டிகிரிக்கு மேல் போகப்போக மரம் சிதைந்து வாயுக்களை விடுகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படி வாயுவாகத்தான் வெளியேறும். கண்ணுக்குத் தெரியும் சுவாலை அந்த வாயு எரிவது. மிஞ்சுவது கரி, அது தணலாகக் கனிகிறது. வாயு எரியப் போதுமான சூடும் காற்றும் கிடைக்காவிட்டால் அதுவே புகை. எனவே புகை என்பது காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு.

பச்சை விறகின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர் இருக்கும். 40 சதவீதம் ஈரமுள்ள ஒரு கிலோ விறகு தரக்கூடிய வெப்பம் சுமார் 10 மெகாஜூல். 15 சதவீதத்துக்குக் காய்ந்த விறகு 15 மெகாஜூல் அளவுக்குத் தரும். கணக்கில் தெரியும் இழப்பு இவ்வளவுதான். அடுப்புக்குள் இழப்பு இன்னும் பெரிது, ஏனென்றால் அந்த ஆவி தீயையே குளிர்வித்து வாயுவை எரியவிடாமல் செய்கிறது. ஈர விறகைப் போட்டால் எந்த நவீன அடுப்பும் மூன்று கல் அடுப்பாகிவிடும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று மந்தமாக ஒலிக்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு உரிந்து வர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை நிறுத்து, ஒரு வாரம் வெயிலில் போட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் அது அடுப்புக்குத் தயாரில்லை. பிளக்காத உருளைக் கட்டை பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். வாங்கிய உடனே பிளந்துவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகள் மேல் அடுக்கினால் புரட்டாசிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.

இனி வகை. சவுக்கு நேராக வளரும், சீராக எரியும், ஓரளவு ஈரத்தோடும் தீப்பிடிக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல விறகு இல்லை. சீமைக் கருவேலம் கனமானது, வெப்பம் அதிகம், தணல் நிறைய விழும். நீண்ட நேரம் கொதிக்க வேண்டியவற்றுக்கு அந்தத் தணல் வரம். குறுகிய வாயுள்ள அடுப்பில் அதே தணல் அடைப்பு. புளி நன்றாக எரியும், ஆனால் பிளப்பது கடினம். முருங்கை, இலவம், கல்யாண முருங்கை போன்ற மெல்லிய மரங்கள் பொசுக்கென்று பற்றி, பொசுக்கென்று அணைந்துவிடும். சமையலுக்கு அவற்றை நம்ப முடியாது.

தென்னையில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதமாக எரியும். பன்னாடையும் காய்ந்த பாளையும் தீ மூட்டுவதற்கென்றே செய்து வைத்தவை. மட்டையின் அடிப்பகுதி சுமாரான விறகு, நீளமும் அகலமும்தான் தொல்லை. தேங்காய் மட்டை எரிவதைவிடக் கனன்று புகைவதே அதிகம். கொட்டாங்குச்சி கொழுந்துவிட்டுக் கடும் சூட்டோடு எரியும். மொத்தமாகப் போட்டால் கரும்புகை தள்ளும் என்பதால் இரண்டு மூன்றாக இடுவது நல்லது. யாழ்ப்பாணத்து வீடுகளில் எரிக்கும் பனை ஊமலையும் (பனங்கொட்டையின் வெற்று ஓடு) இந்த வரிசையில் சேர்க்கலாம்.

சிலவற்றை அடுப்பின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அரளி நச்சுச் செடி, எரித்தால் அதன் புகையும் நஞ்சு. பிச்சாவரம் பக்கத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் கண்ணை எரிக்கும். வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் பை எதையும் தீ மூட்டக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்று கல்

செலவில்லை, எந்தப் பாத்திரமும் உட்காரும், எந்த விறகும் நுழையும், இடம் மாற்றலாம். திறந்தவெளியில் எப்போதாவது பொங்கல் வைக்கவும், அண்டாவில் சோறு வடிக்கவும் இது போதும். தினசரி சமையலுக்கு வேண்டாம். காற்று நாலு பக்கமும் அடித்து வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் திறந்த தீ என்பதே போதுமான எதிர்வாதம்.

அதையே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை என்றால், காற்று வரும் பக்கம் தகரமோ செங்கல்லோ நிறுத்தி மறையுங்கள். அது ஒன்றே விறகைக் கணிசமாகக் குறைக்கும்.

கொடியடுப்பு

முன்னால் விறகு தள்ளும் வாயும் பெரிய கண்ணும், பக்கத்திலோ பின்னாலோ கொடிக்கண்ணும் உள்ள மண் அடுப்பு. பெரிய கண்ணில் உலை கொதிக்கும்போது, தப்பிப் போகும் வெப்பம் கொடிக்கண்ணில் குழம்பையோ வெந்நீரையோ சூடாக்கும். இலங்கையில் 1980களில் பரவிய அனகி அடுப்பும் இதே யோசனைதான். ஒரே சுட்டமண் துண்டாக இரண்டு கண்ணோடு வரும், சுற்றி மண் பூசினால் நீடித்து உழைக்கும்.

இதன் பெரிய பலம் அடுப்பு வாய். மூன்றடி நீள மட்டையையும் கோணல் மாணலான கருவேலங்கட்டையையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். தணல் விழ இடமிருக்கும். பலவீனம், பருத்த மண் சுவர். ஒரு தேநீர் போட அடுப்பு மூட்டினால் முதல் கால் மணி நேர வெப்பத்தைச் சுவரே குடித்துவிடும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து சமைக்கிறவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று எரிப்பவர்களுக்கு நட்டம்.

போடும்போது கவனிக்க வேண்டியவை சில. நான்கு ஐந்து பேர் வீட்டுக்கு உள் அகலம் 20 சென்டிமீட்டர், வாய் 18 அகலம் 15 உயரம் போதும். வாய் பெரிதானால் விறகும் அதிகமாகத் தள்ளத் தோன்றும், குளிர்ந்த காற்றும் அதிகம் புகும். பாத்திரம் உட்காரும் குமிழ்களின் உயரம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். பலர் இதை மூன்று விரல் உயரத்துக்கு வைத்துவிடுகிறார்கள். தீ பாத்திரத்தை நக்காமல் பக்கவாட்டில் ஓடி வீணாவது இதனால்தான். குமிழே இல்லாமல் பாத்திரம் ஒட்டி உட்கார்ந்தாலோ தீ மூச்சுத்திணறிப் புகையும். களிமண் அதிகமானால் காயும்போது வெடிக்கும். மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் காயவிட்டு, முதல் சில நாள் சுள்ளி மட்டும் எரித்துப் பதப்படுத்த வேண்டும்.

மூட்டும் முறை: பழைய சாம்பலில் இரண்டு விரல் கனம் விட்டுவிட்டு மீதியை அள்ளுங்கள். அந்த மெத்தை தணலைக் காக்கும், அதற்கு மேல் போனால் காற்று போகும் வழியை அடைக்கும். நடுவில் ஒரு கைப்பிடி பன்னாடை அல்லது காய்ந்த ஓலை, அதன் மேல் பென்சில் கனச் சுள்ளிகள் பத்துப் பன்னிரண்டு, குறுக்கும் நெடுக்குமாக. கீழே பற்ற வையுங்கள். சுள்ளி முழுக்கப் பற்றிய பிறகுதான் கட்டைவிரல் கனம், அது பற்றிய பிறகு மணிக்கட்டுக் கனம். அவசரப்பட்டுப் பெரிய கட்டையை முதலிலேயே வைப்பதுதான் புகையின் முதல் காரணம். மண்ணெண்ணெய் தேவையே இல்லை. ஒரு சிறு கற்பூரம் போதும். கனன்றுகொண்டிருக்கும் தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிராபத்து. ஆவியாகி ஒரே நொடியில் முகத்துக்கு நேராகப் பற்றும்.

எரியும்போது மூன்று கொள்ளிகள் போதும். நுனிகள் மட்டும் பாத்திரத்துக்கு அடியில் சந்திக்க வேண்டும், இடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும். ஒற்றைக் கொள்ளி தனியாக எரியாது, பக்கத்துக் கொள்ளியின் சூடு அதற்குத் தேவை. ஐந்தாறு கொள்ளிகளை நெருக்கினால் காற்றுக்கு வழியில்லை. நுனி எரிய எரியத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வாயிலேயே புகை வந்தால் கொள்ளியின் நடுப்பகுதி சூடாகிறது, நுனி எரியவில்லை என்று பொருள். இழுத்து, நுனியைத் தணல் மேல் வைத்து, ஊதாங்குழலால் தணலின் அடியில் ஊதுங்கள். சுவாலையின் மேல் ஊதினால் அணையும்.

புகையின் நிறம் சொல்லும் சேதியும் உண்டு. வெள்ளையாகத் திரண்டு வந்தால் ஈரமோ, சூடு போதாமையோ. கறுப்பாக வந்தால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு.

ராக்கெட் அடுப்பு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்த கொள்கை இது. முழங்கை போல வளைந்த ஒரு குழாய். கீழே கிடையாக விறகு நுழையும், மேலே நிமிர்ந்த பகுதியில் வாயுவும் காற்றும் கலந்து முழுதாக எரியும். நிமிர்ந்த குழாய் சூடானதும் தானே காற்றை இழுக்கும், ஊதாங்குழல் தேவைப்படாது.

வாங்கும்போதோ செங்கல்லில் கட்டும்போதோ மூன்றைப் பாருங்கள். உள்வழி முழுதும் ஒரே அளவாக இருக்க வேண்டும், வீட்டுக்கு 12 சென்டிமீட்டர் அகலம் போதும். எங்காவது சுருங்கினால் அங்கே இழுவை குறையும். நிமிர்ந்த பகுதியின் உயரம் அகலத்தைப்போல இரண்டரை மூன்று மடங்கு. உட்சுவரைச் சுற்றி வெப்பம் கடத்தாத பொருள் வேண்டும், வீட்டுச் சாம்பலே நல்ல நிரப்பி. கனமான மண்ணாலேயே முழுக்கக் கட்டிவிட்டால் கொடியடுப்பைப்போலச் சுவர் வெப்பத்தைக் குடிக்கும், ராக்கெட் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். வாயில் விறகு உட்காரும் தட்டு கட்டாயம்: தட்டுக்கு மேல் விறகு, கீழே காற்று. தட்டு தொலைந்த பிறகு விறகைத் தரையிலேயே தள்ளி, புகைகிறது என்று குறை சொல்லும் வீடுகள் நிறைய.

மூட்டுவது எளிது. காகிதத்தையோ ஓலையையோ முழங்கை வளைவுக்கு உள்ளே, நிமிர்ந்த குழாயின் அடியில் வைத்துப் பற்ற வையுங்கள். வாயருகே பற்றவைத்தால் குழாய் சூடாகாமல் புகை முன்னால் திரும்பும். சுள்ளி எரிந்து இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே காற்று பாயும் உறுமல் கேட்கும். பிறகு கட்டைவிரல் கனக் குச்சிகள் மூன்று நான்கு. வாயின் மேல்பாதியை நிறைக்கலாம், கீழ்ப்பாதி காற்றுக்கு. பாத்திரத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தகர வளையம் வைத்தால் அனல் பாத்திரத்தின் பக்கங்களையும் தழுவிப் போகும். பாத்திரத்தின் அளவு மாறினால் வளையமும் மாற வேண்டும்.

குறை என்ன? விறகைச் சிறிதாகப் பிளக்க வேண்டும். மட்டையும் கோணல் கட்டையும் நுழையாது. ஓலை, துவரை மார், சோளத்தட்டை போட்டால் ஆள் நகராமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சீமைக் கருவேலம் போட்டால் அரை மணி நேரத்தில் தணல் சேர்ந்து காற்றுவழியை மூடிவிடும், தீ சோர்ந்து புகையும். கம்பியால் தணலை வெளியே இழுத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு இறுக்க மூடினால் அணைந்து கரியாகும். அந்தக் கரி இஸ்திரிப் பெட்டிக்கோ கும்மட்டிக்கோ ஆகும்.

விறகுக் கணக்கு: 5 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 1.5 மெகாஜூல் வேண்டும். 12 சதவீதம் பயன்படுத்தும் மூன்று கல்லில் அதற்குச் சுமார் 840 கிராம் காய்ந்த விறகு ஆகும். 25 சதவீதம் பயன்படுத்தும் அடுப்பில் 400 கிராம். கையடக்க அடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152, தானாகக் காற்றிழுக்கும் வகைக்குக் குறைந்தது 25 சதவீதமும், விசிறி வகைக்கு 35 சதவீதமும் கேட்கிறது. இந்த எண்கள் ஆய்வகத்தில், ஒரே அளவாகப் பிளந்து உலர்த்திய விறகில் கிடைப்பவை. வீட்டில் குறையும், ஆனால் ராக்கெட் முன்னால் நிற்பது மாறாது.

விசிறி அடுப்பு

புகை மிகக் குறைவு, விறகும் மிகக் குறைவு. சிறு விசிறி கீழிருந்து கொஞ்சம் காற்றையும், மேல் துளைகள் வழியாக மீதிக் காற்றையும் தள்ள, வாயு மேலே எரிகிறது. இதை மட்டும் மேலிருந்து பற்றவைக்க வேண்டும். 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளை மேல் துளைகளுக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்பி, மேலே பன்னாடைத் தூளைப் பரப்பி மூட்டி, மேற்பரப்பு முழுதும் பற்றிய பிறகே விசிறியைக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். துளைகளை மறைத்து நிரப்பினால் புகையும். பாதியில் கைநிறைய அள்ளிப் போட்டாலும் புகையும். தீ விட்டுவிட்டு எரியத் தொடங்கினால் வாயு தீர்ந்தது, இனி கரிதான்.

உடைத்த கொட்டாங்குச்சியும், கழிவை அழுத்திச் செய்த எரிகட்டித் துண்டுகளும் நிறையக் கிடைக்கும் இடத்தில் இது அருமையான தேர்வு. கோடாலியால் பிளந்த விறகை மறுபடி சிறு துண்டுகளாக வெட்ட நேரமில்லாத வீட்டில் இரண்டு வாரம் தாங்காது. விசிறியோ மின்கலமோ கெட்டால் பழுது பார்க்க ஆள் அருகில் உண்டா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைபோக்கி வேண்டுமா?

அடுப்பு கூரைக்குக் கீழே, சுவருக்குள் இருந்தால் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அன்றாடம் அந்தப் புகையை மூச்சில் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்களும் அவர்கள் மடியிலிருக்கும் குழந்தைகளும். நல்ல ராக்கெட் அடுப்பும் புகையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் இயங்கிய வார்தாவின் மகன்வாடியில் 1947இல் மகன் சூலா என்ற புகையில்லா அடுப்பு உருவானது. 1983இல் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் ஊர் ஊராகப் புகைபோக்கி அடுப்புகள் போடப்பட்டன. பல வீடுகளில் அவை நிலைக்காததற்குக் காரணம் பராமரிப்பு. ஈர விறகின் புகை குழாயின் குளிர்ந்த சுவரில் தாராகப் படியும், கரியும் சேரும், இழுவை குறையும், புகை முன்வாயிலேயே திரும்பும். வீட்டார் குழாயைக் கழற்றி விடுவார்கள்.

வைப்பதானால், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தகரக் குழாய், கூரைக்கு மேல் குறைந்தது 60 சென்டிமீட்டர் உயர, தொப்பியோடு. கல்நார்க் குழாய் வேண்டாம். ஓலைக் கூரை என்றால் குழாய் கூரையைத் துளைக்கக் கூடாது. சுவர் வழியாக வெளியே எடுத்து விலக்கி உயர்த்துங்கள். கொடிக்கண் காலியாக இருக்கும்போது மூடி போட்டே ஆக வேண்டும். திறந்திருந்தால் இழுவை அங்கேயே முறிந்து புகை அறைக்குள் வரும். மாதம் ஒருமுறை கம்பியில் சாக்குத்துணி சுற்றிக் குழாயைத் துடைக்க ஆள் உண்டா என்பதே உண்மையான கேள்வி. இல்லையென்றால் அடுப்பை இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றுவது மேல்.

புகைபோக்கி விறகை மிச்சப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். அது இழுக்கும் காற்றோடு வெப்பமும் போகும். தீ எரிந்து முடிந்து தணல் மட்டும் இருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டிருக்கும். உதகை, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகத் தணலைப் படுக்கையறைக்குள் வைத்து உயிர் போனவர்கள் உண்டு. தணலிருக்கும் சட்டி எந்த நிலையிலும் படுக்கையறைக்குள் வரக் கூடாது.

யாருக்கு எது

தென்னந்தோப்பும் நீண்ட சமையலும் உள்ள வீட்டுக்குக் கொடியடுப்பு. தாழ்வாரத்தில் என்றால் புகைபோக்கி இல்லாமல், உள்ளே என்றால் புகைபோக்கியோடு. மட்டையைப் பிளக்கும் உழைப்பு மிச்சம், அதுவே விறகு மிச்சத்தைவிடப் பெரிது. சவுக்கு வாங்கி எரிப்பவர்களும், எரிவாயுவுக்குத் துணையாக அவ்வப்போது மூட்டுகிறவர்களும் ராக்கெட் அடுப்பை எடுக்கலாம். சில ஆயிரம் ரூபாய் ஆனாலும் வாங்கும் விறகு பாதியாகக் குறைவதில் அது திரும்பி வரும். சீமைக் கருவேலம் மட்டுமே கிடைக்கும் இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கங்களில் கொடியடுப்பே நல்லது. ராக்கெட்தான் வேண்டுமென்றால் விறகை விரல் கனத்துக்குப் பிளக்கவும், தணல் வாரவும் பழக வேண்டும். குளிக்க வெந்நீர் மட்டும்தான் தேவை என்றால் இவை எதுவும் வேண்டாம். நடுவில் புகைக்குழாய் ஓடும் செம்புப் பாய்லரில் தேங்காய் மட்டையும் ஓலையும் போதும்.

இன்னும் முடிவாகவில்லை என்றால், மழைக்காலத்துக்கு விறகு அடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். நாளுக்கு 2 கிலோ எரிக்கும் ராக்கெட் அடுப்புக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை சுமார் 180 கிலோ காய்ந்த விறகு கூரையடியில் இருக்க வேண்டும். அதே சமையலுக்கு மண் அடுப்பில் 300 கிலோவுக்கு மேலேயே வேண்டியிருக்கும். நனையாமல் வைக்க ஒரு மூலை மட்டும்தான் உண்டு என்றால் ராக்கெட்டையே எடுங்கள்.